மடுவத்தில் ஒட்டப்படாத அறிவித்தல்

இலங்கையில் ஒரு பெரிய அணையோ, நூறு அறைகளைத் தாண்டிய சுற்றுலா விடுதியோ எழுவதற்கு முன்னர், அதனால் பாதிக்கப்படக்கூடிய மக்கள் தமது கருத்தைச் சொல்வதற்கு வாய்ப்பளிக்கப்பட வேண்டும் என்பது நாட்டின் சட்டம். இச்சட்டம் புதியதன்று. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்திற்கு 1988 இல் கொண்டுவரப்பட்ட திருத்தமும், 1993 ஜூன் மாதத்து வர்த்தமானிக் கட்டளையும் இதனைத் தெளிவாகவே வகுத்துள்ளன. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரானதும், அது எங்கே பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது என்பதை வர்த்தமானியிலும், சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிப் பத்திரிகைகளிலும் அறிவிக்க வேண்டும். அன்றிலிருந்து முப்பது நாள்களுக்குள் எவரும் எழுத்தில் ஆட்சேபனை தெரிவிக்கலாம். பொதுநலன் கருதி அவசியமெனக் கண்டால், திட்டத்தை அங்கீகரிக்கும் நிறுவனம் ஒரு பகிரங்க விசாரணையையும் நடத்தலாம்.

இந்த ஏற்பாட்டில் எழுத்தளவில் குறை காண்பதற்கு அதிகமில்லை. போகவந்தலாவையில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண் இந்த அறிவித்தலை எங்கே வாசிப்பாள் என்ற கேள்விக்கு மட்டும் அதில் விடையில்லை.

அவளது காலை பெரட்டுக் களத்தில் தொடங்குகிறது. அந்தியில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பும்போது அரசாங்க அலுவலகங்கள் யாவும் மூடப்பட்டுவிடும். அறிவித்தலைப் பற்றி யாரோ ஒருவர் சொல்லக் கேட்டாள் என்றே வைத்துக்கொள்வோம். அறிக்கையின் பிரதி பிரதேச செயலகத்திலோ உள்ளூராட்சி மன்றத்திலோ இருக்கும். அம்பகமுவ பிரதேச செயலகம் இருப்பது கினிகத்தேனையில். போகவந்தலாவையிலிருந்து நோர்வூட், டிக்கோயா, ஹட்டன், வட்டவளை எல்லாவற்றையும் கடந்துதான் அங்கு போய்ச் சேர வேண்டும். அண்மைய ஆண்டுகளில் நோர்வூட்டிலும் தலவாக்கலையிலும் புதிய பிரதேச செயலகங்கள் வந்திருப்பது ஓர் ஆறுதல். எனினும் வேலை நாளில்தான் போக வேண்டும். போனால் அன்றைய பேர் போய்விடும். தோட்டத்தில் ஒரு பேர் என்பது ஒரு நாட்கூலி மாத்திரமன்று. மாதத்தில் எத்தனை நாள் வேலைக்கு வந்தார் என்ற கணக்கோடு வேறு கொடுப்பனவுகளும் பின்னிக் கிடப்பதை மலையகத்தில் வாழ்ந்தவர்கள் அறிவர். அவற்றையெல்லாம் இழந்து போனவளுக்கு முன்னால் சில நூறு பக்கங்கள் கொண்ட ஓர் அறிக்கை வைக்கப்படும். அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். அதை எந்த அலுமாரியில் வைத்தார்கள் என்று அறிந்த உத்தியோகத்தர் அன்றைக்கு விடுமுறையில் இருந்தாலும் வியப்பதற்கில்லை.

நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில், ஒப்புநோக்காளராக இருந்த முதியவர் ஒருவர் எனக்கு ஒரு பாடம் சொல்லித் தந்தார். முதற்பக்கத்தில் வருவது நடந்து முடிந்த செய்தி. கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் வரும் அரசாங்க அறிவித்தல்கள் நடக்கப்போகும் செய்தி என்பார். அவற்றை அவர் பிழை திருத்துவதற்காக மாத்திரம் வாசித்தவரல்லர். எந்த ஊரில் எந்தக் காணி எடுக்கப்படப் போகிறது என்பது நிருபர்களுக்குத் தெரியுமுன்னர் அவருக்குத் தெரிந்திருந்தது. வெள்ளிக்கிழமை வர்த்தமானியின் மூன்றாம் பகுதி காணி அறிவித்தல்களுக்கும், நான்காம் பகுதியின் 'ஆ' பிரிவு உள்ளூராட்சி அறிவித்தல்களுக்கும் உரியன என்பதை நான் அவரிடமிருந்துதான் அறிந்தேன். இன்று வர்த்தமானியை அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்திலே எவரும் இலவசமாகப் பார்க்கலாம். ஹட்டனில் ஒரு கைத்தொலைபேசி இருந்தால் போதும். ஆயினும் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டுமல்லவா? வலைத்தளத்தில் ஏற்றிவிட்டோம் என்று அரசாங்கம் கையைக் கழுவிவிடுவது, முன்பு பத்திரிகையில் போட்டுவிட்டோம் என்று கையைக் கழுவியதன் தொடர்ச்சியே.

ஆட்சேபனை தெரிவித்து என்ன பயன், எல்லாம் மேலிடத்தில் முடிவாகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு மேல் கொத்மலைத் திட்டத்தின் வரலாற்றையே பதிலாகச் சொல்லலாம். தலவாக்கலையில் கொத்மலை ஓயாவை மறித்து 150 மெகாவாட் மின்சாரம் பெறும் அந்தத் திட்டத்தின் சாத்திய ஆய்வு 1980களிலேயே நடந்தது. சுற்றாடல் தாக்க அறிக்கை 1990களின் நடுப்பகுதியில் மக்களுக்கு முன்னால் வந்தபோது, சென் கிளையர், டெவன் முதலிய நீர்வீழ்ச்சிகள் வற்றிப்போகும் என்ற ஆட்சேபனை நாடெங்கும் எழுந்தது. மத்திய சுற்றாடல் அதிகார சபை முதலில் அங்கீகாரத்தை மறுத்தது. மின்சார சபை மேன்முறையீடு செய்தது. 1998 இல் நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. ஜப்பானியக் கடன் 2002 இல் வந்தது. மலையகக் கட்சிகளின் எதிர்ப்பும் பேச்சுவார்த்தைகளும் முடிந்து, 2012 ஜூலையில் மின்நிலையம் திறக்கப்பட்டது. இவ்வளவு நீண்ட இழுபறியில் கிடைத்த பயன் என்ன? டெவன் நீர்வீழ்ச்சியின் நீரைத் திருப்பும் யோசனை கைவிடப்பட்டது. சென் கிளையரில் பகற்பொழுதில் குறித்த அளவு நீரை விட வேண்டும் என்ற நிபந்தனை விதிக்கப்பட்டது. ஹட்டன் வீதியால் போகும் பேருந்திலிருந்து டெவனைப் பார்த்து வியக்கும் பயணி, அந்த நீர் இன்னும் விழுவதற்கு எழுத்தில் கொடுக்கப்பட்ட ஆட்சேபனைகளுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை அறியமாட்டார்.

ஆனால் அந்த வரலாற்றில் என்னை உறுத்தும் ஒன்று உண்டு. நீர்வீழ்ச்சிகளுக்காகப் பேசியவர்கள் சட்டம் அறிந்தவர்கள். கொழும்பில் அலுவலகம் வைத்திருந்தவர்கள். அவர்கள் செய்தது நல்ல காரியமே, அதில் ஐயமில்லை. அதே திட்டத்தால் இடம்பெயர வேண்டியிருந்த ஏறத்தாழ ஐந்நூறு குடும்பங்களின் குரல் அந்த எழுத்து ஆட்சேபனைகளில் எவ்வளவு தூரம் ஒலித்தது? அவர்களுக்காகத் தொழிற்சங்கங்களும் கட்சிகளும் பேசின. மேடையில் பேசின, பாராளுமன்றத்தில் பேசின, பின்பு அமைச்சர்களோடு மூடிய அறைகளில் பேசின. மலையகத்தில் எதிர்ப்பு என்பது எப்போதும் தலைவருடைய வேலையாகவே இருந்து வந்திருக்கிறது. தலைவர் எதிர்த்தால் மக்கள் எதிர்த்தார்கள். தலைவர் இணங்கினால் மக்கள் இணங்கினார்கள் என்று கணக்கு முடிக்கப்பட்டது. ஒரு லயத்துக் குடும்பத்தின் தலைவி, தனது பெயரிலே, தனது கையொப்பத்தோடு, 'எனக்கு இந்த இடத்தில் வீடு வேண்டாம், பாடசாலைக்கு அருகில் வேண்டும்' என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது வேறு விதமான காரியம். அந்தத் தாளுக்கு அதிகாரி பதில் எழுதியாக வேண்டும். தலைவருடைய மேடைப் பேச்சுக்கு அவர் பதில் எழுத வேண்டியதில்லை.

இந்தப் பழக்கம் ஏன் மலையகத்தில் வேர்கொள்ளவில்லை என்று கேட்டால், அதற்கு மக்களைக் குறை சொல்ல நான் தயாரில்லை. கிராம சபைகளுக்கு வாக்களிக்கும் உரிமையை இந்தியத் தோட்டத் தொழிலாளர்களுக்கு மறுக்கும் முயற்சி 1930களிலேயே சட்டமாகிவிட்டது. 1948 இல் குடியுரிமையே போயிற்று. எஞ்சியிருந்தோர் அனைவருக்கும் அது திரும்பி வருவதற்கு 2003 வரை சட்டங்கள் இயற்ற வேண்டியிருந்தது. குடியுரிமை வந்த பின்னரும் உள்ளூராட்சி வரவில்லை. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவை, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபையின் பணத்தைச் செலவிட முடியாது என்பதற்கான சுவராக முப்பது ஆண்டுகள் காட்டிக்கொண்டிருந்தார்கள். இதிலுள்ள விசித்திரத்தைக் கவனியுங்கள். தோட்ட மக்கள் வாக்களித்துத்தான் சபை உறுப்பினர்கள் தெரிவானார்கள். தோட்டக் காணிகளுக்கு ஏக்கர் வரி விதிக்கவும் சபைக்கு அதிகாரம் இருந்தது. ஆனால் லயத்தின் முன்னால் உடைந்த கானை அந்தச் சபையால் திருத்த முடியவில்லை. தன் வாசலுக்கு வரமுடியாத ஒரு சபையின் கூட்டத்துக்கு யார் போய்க் குந்தியிருப்பார்கள்?

2018 இல் அந்தச் சுவர் உடைக்கப்பட்டது. பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டு, தோட்டங்களுக்கும் சபை பணிசெய்ய வழி பிறந்தது. அதற்குச் சற்று முன்பாகவே, மிகப் பெரியனவாயிருந்த நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகள் பிரிக்கப்பட்டு, கொட்டகலை, அக்கரப்பத்தனை, மஸ்கெலியா, நோர்வூட் என்று புதிய சபைகள் தோன்றின. அச்சபைகளுக்கு 2018 பெப்ரவரியில் முதற் தேர்தல் நடந்தது. மக்கள் சபையின் வாசலை மிதிக்கத் தொடங்கிய வேளையில், 2023 மார்ச்சில் அதன் ஆயுட்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் பணமில்லை என்ற காரணத்தால் தள்ளிப் போயிற்று. 2025 மே 6 வரை ஏறத்தாழ நாடு முழுவதிலும் தெரிவான சபைகள் இல்லை. செயலாளர்களும் ஆணையாளர்களும் ஆண்டார்கள். ஆகவே, மலையகத் தோட்ட மக்களுக்குத் தமது வாசலுக்கு வரக்கூடிய அதிகாரமுள்ள, தாம் தெரிவு செய்த உள்ளூராட்சி மன்றம் இருந்த காலம் என்று கணக்கிட்டால், அது ஒரு பிள்ளை பிறந்து பாடசாலை முதலாம் வகுப்பை முடிக்கும் காலத்துக்கு மேல் வராது.

நிற்க. காணி விடயத்தில் இடர் இன்னும் ஆழமானது. 1950 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தின்படி, அரசாங்கம் ஒரு காணியை எடுக்க நினைத்தால் அறிவித்தல் கொடுத்து ஆட்சேபனை கேட்க வேண்டும். யாரிடம்? அக்காணியில் உரித்து அல்லது அக்கறை உடையவர்களிடம். பெருந்தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாக்கப்பட்டன. 1992 இலிருந்து தனியார் கம்பனிகள் அவற்றை நடத்துகின்றன. காணி அரசாங்கத்துடையது; குத்தகை கம்பனியுடையது; லயம் தோட்டத்துடையது. நான்கு, ஐந்து தலைமுறைகளாக அந்தப் பத்தடி அறையில் பிறந்து இறந்தவர்களுக்கு அங்கே என்ன உரித்து? உறுதிப்பத்திரம் இல்லாதவனுக்கு அறிவித்தல் அனுப்ப வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. அனுப்பினாலும், லயத்துக்குத் தனி முகவரி இல்லாத தோட்டங்களில் கடிதம் முதலில் தோட்ட அலுவலகத்துக்குத்தான் போகும். நேர்முகத் தேர்வுக் கடிதங்கள் தேர்வு முடிந்த பின்பு கைக்கு வந்த கதைகளை மலையக இளைஞர்களிடம் கேட்டுப் பாருங்கள். பதினான்கு நாள், முப்பது நாள் என்ற சட்டக் கெடுக்கள், தபால் வாசலுக்கு வரும் ஊர்களுக்காக எழுதப்பட்டவை.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொண்டுவந்த மழையில் மலைநாடு சரிந்தது. நாடளாவிய ரீதியில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் மலைச்சரிவுகளில் வாழ்ந்தோர் பேரிழப்பைச் சந்தித்தனர். வீடிழந்தோரையும், இனி அங்கே வாழக்கூடாது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் குறிப்பிடும் இடங்களில் இருப்போரையும் எங்கே குடியமர்த்துவது என்ற கேள்வி எழுந்தது. இது வீடு கட்டும் கேள்வி மாத்திரமன்று. எந்தத் தோட்டத்தின் எந்த மலையில், எவ்வளவு காணியில், வேலைத்தலத்திலிருந்து எத்தனை கட்டை தொலைவில், யாருடைய பெயரில் உறுதி எழுதி என்பனவெல்லாம் அடுத்த நூறு ஆண்டுகளுக்கு மலையகத்தின் வரைபடத்தை நிர்ணயிக்கப் போகும் முடிவுகள்.

இந்த முடிவுகளுக்குப் பகிரங்க விசாரணை உண்டா? 1993 ஆம் ஆண்டுக் கட்டளையைப் புரட்டினால், நூறு குடும்பங்களுக்கு மேற்பட்டோரை அவர்களது விருப்பமின்றி மீள்குடியமர்த்தும் திட்டம் சுற்றாடல் மதிப்பீட்டுக்கு உரியது என்று இருக்கிறது. அதே வரியின் இறுதியில், அவசர நிலைமைகளில் செய்யப்படும் மீள்குடியேற்றம் அதற்கு விலக்கு என்றும் இருக்கிறது. கூடாரத்தில் இருப்பவர்களை முப்பது நாள் காத்திருக்கச் சொல்ல முடியாது என்பதால் வைக்கப்பட்ட விலக்கு அது, நியாயமானதே. ஆனால் கூடாரத்துக்குக் கொண்டுபோவது அவசரம். நிரந்தர வீட்டுக்கு இடம் தெரிவது அவசரமா? புயல் ஓய்ந்து பல மாதங்கள், சில வேளைகளில் பல ஆண்டுகள் கழித்து நடக்கும் குடியமர்த்தலையும் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் அடக்கிவிடுவது எளிது. அதிகாரிகள் எளிதானதைச் செய்வார்கள் என்பது என் அனுபவம்.

மீரியபெத்தையை எவரும் மறந்திருக்க முடியாது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தையில் அந்தத் தோட்டத்து லயங்கள் மண்ணுக்குள் போயின. ஆபத்தான இடம் என்ற எச்சரிக்கை 2005 இலும் 2011 இலும் கொடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, போவதற்கு ஒரு துண்டு நிலம் இருக்கவில்லை. நிலத்தைத் தருவது யார், எப்போது என்ற கேள்வியை அதிகாரி முன்னிலையில் பதிவாகும் விதத்தில் அந்த மக்கள் கேட்பதற்கு ஓர் இடமும் இருக்கவில்லை. பின்பு புதிய வீடுகள் கட்டப்பட்டன. உயிர் பிழைத்தவர்களுக்கு.

இங்கே ஒரு மறுப்பை நான் எதிர்பார்க்கிறேன். மழை மறுபடியும் வரும். விசாரணை, ஆட்சேபனை, மேன்முறையீடு என்று இழுத்தால் இன்னொரு மீரியபெத்தை நேரும். மக்களுக்கு வேண்டியது வீடு, கூட்டம் அன்று என்பார்கள். இப்படிச் சொல்பவர்களில் நல்லெண்ணம் உடையவர்களும் உண்டு, நேர்மையான பொறியியலாளர்களும் உண்டு. அவர்களுக்கு என் பதில் இதுதான்: மலையகத்தில் வீடமைப்புத் தாமதமானதற்கு மக்களிடம் கருத்துக் கேட்டது ஒருபோதும் காரணமாக இருந்ததில்லை. ஏனென்றால் அவர்களிடம் கேட்கவே இல்லை. 2017 மே மாதத்தில் இந்தியப் பிரதமர் நோர்வூட் மைதானத்தில் நின்று பத்தாயிரம் வீடுகளை அறிவித்தார். அவை ஆண்டுக்கணக்கில் தாமதித்தது யாருடைய ஆட்சேபனையால்? மேலும், கேட்காமல் கட்டிய வீட்டில் மக்கள் குடியேற மறுப்பதும், குடியேறியவர்கள் மழை ஓய்ந்ததும் பழைய லயத்துக்கே திரும்புவதும் பேரிடர் மீள்குடியேற்றத்தில் உலகெங்கும் காணப்படுவதே. தண்ணீர் ஊற்று எந்தப் பக்கம் எழும், எந்த மேட்டில் மழைக்காலத்தில் வெடிப்பு விழும் என்பதைத் தோட்டத்துக் கிழவர் ஒருவர் அரை மணி நேரத்தில் காட்டிவிடுவார். நிபுணரின் வரைபடத்துக்கு அது மாற்றாகாது. ஆனால் வரைபடத்தில் இல்லாதது அதில் இருக்கும்.

ரொரன்ரோவிலும் இலண்டனிலும் இருந்து இதனை வாசிப்போருக்கு இது சற்று வியப்பாக இருக்கலாம். ஸ்காபரோவில் ஒரு காணியில் மாடிக் குடியிருப்புக் கட்ட விண்ணப்பித்தால், அந்தக் காணியின் முன்னாலேயே ஓர் ஆள் உயரப் பலகை நிற்கும். என்ன கட்டப்போகிறார்கள், யாரைக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். இலண்டனில் விளக்குக் கம்பத்தில் தாள் கட்டித் தொங்கும், அயல் வீட்டுக்குக் கடிதம் வரும். மலையகத்திலிருந்து போய்க் குடியேறிய நண்பர் ஒருவர், தமது தெருவில் ஓர் உணவகம் நள்ளிரவு வரை திறந்திருக்க அனுமதி கேட்டபோது, மாநகர சபைக்குச் சென்று மூன்று நிமிடம் பேசிவிட்டு வந்ததைப் பெருமையோடு சொன்னார். அவருடைய தமக்கை இன்னும் அக்கரப்பத்தனையில் இருக்கிறார். அந்த அம்மாவின் லயத்துக்கு மேலேயுள்ள மலையைக் குடைந்தால்கூட அவரிடம் மூன்று நிமிடம் எவரும் கேட்கமாட்டார்கள்.

செல்வந்த நாடுகளில் மட்டுமே இது சாத்தியம் என்றும் சொல்ல முடியாது. ஒடிசாவின் நியம்கிரி மலையில் பொக்சைட் தோண்டும் திட்டத்தைப் பற்றி, அங்கு வாழும் டொங்கிரியா கோந்த் பழங்குடி மக்களின் கிராம சபைகளே முடிவெடுக்க வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு கூடிய பன்னிரண்டு கிராம சபைகளும் வேண்டாம் என்றன, திட்டம் நின்றது. அந்த மக்கள் நம்மவர்களைவிட அதிகம் படித்தவர்கள் அல்லர். வேற்றுமை ஒன்றுதான். கூட்டம் அவர்களுடைய ஊருக்கு வந்தது.

மலையகத்தில் இதைச் செய்யப் புதிய சட்டம் வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. பிரதேச சபையின் மாதாந்தக் கூட்டத்தைப் பொதுமக்கள் பார்வையாளராக இருந்து கேட்கலாம். பேச முடியாது, ஆனால் தமது வட்டார உறுப்பினர் வாய் திறந்தாரா என்று பார்க்கலாம். அதுவே பெரிய காரியம். சபையின் வரவு செலவுத் திட்ட வரைவு ஆண்டிறுதியில் நிறைவேற்றப்படுமுன்னர் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். எந்தத் தோட்டத்துப் பாதைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்பதை அங்கே காணலாம். பிரதேச சபைச் சட்டத்தின் 12 ஆம் பிரிவு, வீடமைப்பு, சுற்றாடல் முதலிய விடயங்களுக்கான குழுக்களில் உறுப்பினர் அல்லாத பிரதேசவாசிகளையும் சேர்க்க இடமளிக்கிறது. நோர்வூட்டிலோ மஸ்கெலியாவிலோ 2025 இல் தெரிவான ஒரு தவிசாளர், கொழுந்து பறிக்கும் இரண்டு பெண்களையும் ஓர் ஆசிரியரையும் வீடமைப்புக் குழுவில் நியமிக்க விரும்பினால், அவரைத் தடுப்பதற்குச் சட்டத்தில் எதுவும் இல்லை. அவருடைய கட்சி தடுக்கலாம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் இன்னொரு கதவு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் அது. விண்ணப்பித்தால் தகவல் தருவார்கள் என்பதோடு பலர் அதனை மறந்துவிடுகிறார்கள். அதன் 9 ஆம் பிரிவு கேட்காமலே சொல்ல வேண்டிய கடமையை அமைச்சர்மீது சுமத்துகிறது. உள்நாட்டு நிதியில் ஐந்து இலட்சம் ரூபாவுக்கோ, வெளிநாட்டு நிதியில் ஓர் இலட்சம் டொலருக்கோ மேற்பட்ட எந்தத் திட்டமும் தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே, அதனால் பாதிக்கப்படக்கூடியோருக்கு விபரம் அறிவிக்கப்பட வேண்டும். அவசரத் திட்டமாயின் ஒரு வாரத்துக்கு முன்னராவது. சுற்றாடல் கட்டளையில் அவசரம் என்ற சொல் கதவைச் சாத்துகிறது என்றால், இங்கே அதே சொல்லுக்கு ஒரு வாரமாவது கிடைக்கிறது. மீள்குடியேற்ற இடங்களின் பட்டியல், அவற்றுக்கான மண்சரிவு ஆய்வு அறிக்கை, காணி விடுவிப்புக் கடிதம் ஆகியவற்றைத் தமிழில் எழுதிக் கேளுங்கள். நுவரெலியா மாவட்டத்தில் தமிழும் நிர்வாக மொழியாகப் பிரகடனப்படுத்தப்பட்டுள்ளது. சிங்களத்தில் பதில் வந்தால் திருப்பி அனுப்புங்கள். முரட்டுத்தனமாகத் தோன்றலாம், இரண்டு முறை திருப்பி அனுப்பினால் மூன்றாம் முறை மொழிபெயர்ப்பாளர் கிடைத்துவிடுவார்.

ஒரு சிறு குறிப்பு, சட்டம் படித்த இளைஞர்களுக்காக. 2000 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னர், ஆரம்பச் சுற்றாடல் பரிசீலனை என்ற சுருக்க வடிவத்துக்கு முப்பது நாள் பொதுமக்கள் கருத்து கட்டாயமில்லை. மலையக ஆறுகளை மறித்து எழுந்த சிறு நீர்மின் நிலையங்கள் பலவும் இந்த வழியால் வருவனவே. அறிக்கை பொது ஆவணம்தான், ஆனால் கேட்டால்தான் காட்டுவார்கள். எனவே, ஆற்றங்கரையில் நில அளவையாளர் முளைக்குச்சி அடிப்பதைக் கண்ட அன்றைக்கே கேட்க வேண்டும். முளைக்குச்சியை வர்த்தமானியாகக் கருதுங்கள்.

தோட்டத்தில் எல்லோரும் ஒரு நாளில் ஒரு முறையாவது வந்து நிற்கும் இடம் கொழுந்து நிறுக்கும் மடுவம். கோயிலுக்கு வராதவர் உண்டு, சங்கக் கூட்டத்துக்கு வராதவர் உண்டு, மடுவத்துக்கு வராத தொழிலாளி இல்லை. பிரதேச செயலகத்துச் சுவரில் ஒட்டப்படும் அதே தாளின் தமிழ்ப் பிரதியொன்றை மடுவத்துக் கதவில் ஒட்டுவதற்குப் பசையும் ஒரு கிராம உத்தியோகத்தரும் போதும். விசாரணையை ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துப் பாடசாலையில் நடத்தலாம். ஞாயிறு முடியாதென்றால், விசாரணைக்கு வந்தவருக்கு அன்றைய பேரைக் கொடுக்குமாறு கம்பனியைக் கேட்கலாம். தேர்தலன்று வாக்களிக்க விடுமுறை கொடுக்கிறார்கள் அல்லவா? இந்த மூன்றையும் தீர்மானமாக நிறைவேற்றி மாவட்டச் செயலகத்துக்கு அனுப்புவதற்கு ஒரு பிரதேச சபைக்கு ஒரு மாதாந்தக் கூட்டம் போதும். கொட்டகலை, அக்கரப்பத்தனை, மஸ்கெலியா, நோர்வூட் சபைகளில் எது முதலில் நிறைவேற்றுகிறது என்று பார்க்கிறேன். நிறைவேறினால் தீர்மானத்தின் திகதியையும் முன்மொழிந்த உறுப்பினரின் பெயரையும் இங்கே எழுதுவேன்.